வாசகர் கேள்வி – பதில்: கூட்டாளி போடும் கையெழுத்து

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஆறு கடிதங்கள் ஒரே கவலையைச் சுமந்து வந்திருக்கின்றன. முழுதாக நம்ப முடியாத ஒருவரோடு சேர்ந்து தொழில் தொடங்கலாமா, தொடங்கிய பிறகு ஐயம் வந்தால் என்ன செய்வது என்பதே அந்தக் கவலை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் அவர்கள் நலன் கருதி வெளியிடவில்லை.

கேள்வி: பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துச் சேர்த்த பணம் என்னிடம் இருக்கிறது. நண்பர் ஒருவர் மூலம் அறிமுகமானவர் என்னைக் கூட்டாகத் தொழில் செய்ய அழைக்கிறார். முதல் என்னுடையது, தொழில் நுணுக்கம் அவருடையது, லாபம் சரிபாதி என்பது அவர் பேச்சு. கெட்டிக்காரர்தான்; ஆனால் முன்பு செய்த தொழில் என்ன ஆயிற்று என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். ஒப்பந்தம் எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். மனம் முழுதாக ஒப்பவில்லை, வாய்ப்பை விடவும் மனமில்லை. அதிகம் போனால் போட்ட பணம்தானே போகும் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். தொடங்கலாமா?

பதில்: இப்போது இருக்கும் நிலையில் தொடங்காதீர்கள். "அதிகம் போனால் போட்ட பணம்தானே போகும்" என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, உங்கள் கடிதம் முழுவதிலும் என்னைக் கலங்கவைத்தது அந்த ஒரு வரிதான். அது உண்மையாக இருந்தால், எவ்வளவு இழக்கத் துணிகிறீர்கள் என்பது உங்கள் விருப்பம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். ஆனால் சாதாரணக் கூட்டுத் தொழிலில் இழப்பு போட்ட முதலோடு நிற்பதில்லை.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1890ஆம் ஆண்டிலும் இந்தியாவில் 1932ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட கூட்டாண்மைச் சட்டங்களும், அதே மரபைப் பின்பற்றி வேறு பல நாடுகளில் நடைமுறையில் உள்ள சட்டங்களும் இரண்டு விதிகளில் ஒன்றுபடுகின்றன. தொழிலின் வழக்கமான நடவடிக்கைகளைப் பொறுத்தவரை ஒவ்வொரு கூட்டாளியும் நிறுவனத்தின் முகவர் என்பது முதல் விதி. அதாவது உங்கள் கூட்டாளி நிறுவனத்தின் பெயரில் கடனுக்குச் சரக்கு எடுத்தாலும், வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கினாலும், குறித்த நாளில் வேலையை முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டாலும், அவர் போட்ட கையெழுத்து உங்களையும் கட்டும். அதைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் கேள்விப்பட்டிராவிட்டாலும் கட்டும். நிறுவனத்தின் சொத்து போதாதபோது கூட்டாளிகள் தங்கள் சொந்தச் சொத்திலிருந்து கடனைத் தீர்க்க வேண்டும் என்பதும், கடன் கொடுத்தவர் அவர்களில் ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம் என்பதும் இரண்டாவது விதி.

இவ்விரண்டு விதிகளையும் சேர்த்து வைத்து உங்கள் நிலைமையைப் பாருங்கள். கடன் கொடுத்தவர் யாரிடம் கேட்பார்? இருப்பவரிடம்தான் கேட்பார். பதினோரு ஆண்டுச் சேமிப்பும், ஒருவேளை ஒரு வீடும் உடையவர் நீங்கள். எதிர்த்தரப்பில் இருப்பது தொழில் நுணுக்கம் மட்டும் என்றால், அவர் வாங்கிய கடனுக்கும் உங்கள் கதவுதான் தட்டப்படும். முழுவதையும் நீங்கள் கட்டிய பிறகு அவருடைய பங்கை அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளச் சட்டம் உரிமை தருகிறது. கையில் ஒன்றும் இல்லாத ஒருவரிடம் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பதை, பல ஆண்டுகள் பிறருடைய கணக்குப் புத்தகங்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில், வருத்தத்தோடு பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆப்பிள் நிறுவனம் 1976 ஏப்ரல் 1 அன்று தொடங்கியபோது அது மூன்று பேரின் கூட்டாண்மையாகவே இருந்தது. ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் ஸ்டீவ் வோஸ்னியாக்குக்கும் தலா 45 விழுக்காடு, அவர்களைவிட வயதில் மூத்தவரான ரொனால்ட் வெய்னுக்கு 10 விழுக்காடு. கூட்டாண்மை ஒப்பந்தத்தை எழுதியவரே வெய்ன்தான். கிடைத்திருந்த முதல் பெரிய ஆர்டரை முடித்துக் கொடுக்க ஜாப்ஸ் கடன் ஏற்பாடுகளில் இறங்கினார். ஆர்டர் கொடுத்தவர் பணம் தராமல் போனால், சொத்து எதுவும் இல்லாத அந்த இரண்டு இளைஞர்களை விட்டுவிட்டுக் கடன்காரர்கள் தம்மிடம்தான் வருவார்கள் என்று கணக்கிட்ட வெய்ன், 12 நாட்களுக்குள் விலகினார்; தம் பங்குக்கு 800 டாலர் பெற்றுக்கொண்டார். அந்தப் பங்கு இன்று எவ்வளவு பெறும் என்று கணக்குப் போட்டுப் பலர் அவருக்காகப் பரிதாபப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பரிதாபம் வருவதில்லை. தாம் எழுதிய ஒப்பந்தத்தின் பொருள் அவருக்கு முழுமையாகப் புரிந்திருந்தது. ஏற்கெனவே ஒரு தொழிலில் நொடித்துப்போனதன் வலியும் அவருக்குத் தெரியும். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அவருடைய கூட்டாளிகள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர் என்பது. நேர்மையான, திறமையான கூட்டாளிகளோடு இருந்தபோதே அவருக்கு அந்தப் பொறுப்பு தாங்க முடியாததாகத் தெரிந்தது. உங்களுக்கோ ஆள்மீதே ஐயம் இருக்கிறது.

"ஒப்பந்தம் பிறகு எழுதலாம்" என்ற பேச்சுக்கு வருகிறேன். எழுதாத வரை கூட்டாண்மை உண்டாகவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. இருவர் சேர்ந்து தொழில் நடத்தி லாபத்தைப் பிரித்துக்கொண்டால், ஒரு தாளும் இல்லாமலேயே கூட்டாண்மை பிறந்துவிடும். நீங்கள் எழுதாமல் விட்ட இடங்களையெல்லாம் சட்டத்தின் பொது விதிகள் நிரப்பிவிடும். அந்தப் பொது விதிகளின்படி, யார் எவ்வளவு முதல் போட்டிருந்தாலும் லாபமும் நட்டமும் சரிசமம். உழைப்புக்கு யாருக்கும் சம்பளம் கிடையாது. கால வரையறை இல்லாத கூட்டாண்மையை ஒருவர் நோட்டீஸ் கொடுத்து எந்த நாளிலும் கலைத்துவிடலாம். எழுதாமல் தொடங்குவதால் இழப்பது அநேகமாக நீங்கள் மட்டுமே, அவர் அல்லர்.

அப்படியானால் கதவை அடைத்துவிட வேண்டுமா என்றால், அவசியமில்லை. அவருடைய பழைய தொழிலைப் பற்றி விசாரியுங்கள். தொழிலில் தோற்பது குற்றம் அல்ல. தோற்ற பிறகு எப்படி மூடினார் என்பதைத்தான் கேட்க வேண்டும். வேலையாட்களின் சம்பளப் பாக்கியைத் தீர்த்தாரா, சரக்குக் கொடுத்தவர்களுக்கு நேரில் போய்த் தவணை கேட்டாரா, அல்லது தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டு மறைந்தாரா? இதை வாடிக்கையாளர்களிடம் கேட்டுப் பயனில்லை. அவர்களிடம் அவர் எப்போதும் இனிமையாகவே பேசியிருப்பார். அவருக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர்களையும், முன்பு அவரோடு கூட்டாக இருந்தவர்களையும் தேடிப் பிடித்துக் கேளுங்கள். முன்னாள் கூட்டாளி ஒருவர்கூட நல்ல வார்த்தை சொல்லவில்லை என்றால், அத்தனை பேரும் கெட்டவர்களாக இருந்திருக்க முடியுமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அடுத்து, ஒப்பந்த வரைவு ஒன்றை வக்கீலிடம் தயாரித்து அவர் முன் வையுங்கள். அதில் அவர் எந்தெந்தப் பிரிவுகளை மறுக்கிறார் என்பதைக் கூர்ந்து பாருங்கள். லாப விகிதத்தையோ மாதச் சம்பளத்தையோ பற்றி வாதாடினால் கவலைப்படாதீர்கள்; அது பேரம், எல்லோரும் செய்வது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம், கணக்குப் புத்தகத்தை எந்த நேரத்திலும் இருவரும் பார்க்கலாம், ஒருவர் விலகினால் இன்ன முறையில் பங்கை மதிப்பிட வேண்டும் என்ற பிரிவுகளைக் கண்டு அவர் முகம் சுளித்தால், "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று குரலை உயர்த்தினால், உங்கள் மனம் ஏன் ஒப்பவில்லை என்பதற்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு தொடங்குவதாக இருந்தால், முழுச் சேமிப்பையும் போடாமல், ஒரே ஒரு வேலையை மட்டும் சேர்ந்து செய்து பாருங்கள். அதற்குத் தனி வங்கிக் கணக்கு, செலவுக்கு ஓர் உச்சவரம்பு, கணக்கு முடிக்க ஒரு தேதி ஆகிய மூன்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு லாபம் வந்தது என்பதைவிட, கணக்கு முடிக்கும் நாளில் அவர் தாமாகவே ரசீதுகளோடு வந்து உட்கார்ந்தாரா, நீங்கள் மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருந்ததா என்பதைப் பாருங்கள். பொறுப்புக்கு வரம்பு உள்ள நிறுவன வடிவங்களும் உண்டு. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டிலும் இந்தியாவில் 2008ஆம் ஆண்டிலும் வந்த சட்டங்களின்படி அமைக்கப்படும் வரம்புடைய பொறுப்புக் கூட்டாண்மையில், ஒரு கூட்டாளி தன் போக்கில் செய்த தவறுக்கு மற்றவரின் சொந்தச் சொத்து பொதுவாகப் பொறுப்பாவதில்லை. ஆனால் வங்கிக் கடனுக்கு நீங்கள் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்தப் பாதுகாப்பை உங்கள் கையாலேயே அகற்றிவிடுகிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: நான் பணம் மட்டுமே போட்டிருக்கிறேன். கடைப்பக்கம் போவதில்லை, எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடுவதில்லை, ஆண்டு முடிவில் லாபத்தில் ஒரு பங்கு வருகிறது. தொழிலை நடத்துபவர் அளவுக்கு மீறிக் கடன் வாங்குவதாகக் கேள்விப்படுகிறேன். நடத்துவதில் எனக்குப் பங்கில்லாததால் கடனிலும் பங்கில்லை என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. உங்களைப் போன்றவரை உறங்கும் கூட்டாளி என்பார்கள். நீங்கள் உறங்கினாலும் பொறுப்பு உறங்குவதில்லை. நிர்வாகத்தில் தலையிடாதது கடன்காரரிடமிருந்து உங்களைக் காக்காது. வரம்புடைய கூட்டாளியாக, அதாவது போட்ட முதல் அளவுக்கு மட்டுமே பொறுப்பேற்பவராக, முறைப்படி பதிவு செய்யப்பட்டிருந்தால் மட்டுமே நிலைமை வேறு.

ஒன்றை மட்டும் உடனே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்தது முதலா, கடனா? லாபத்தில் ஒரு பங்கை வட்டிக்குப் பதிலாகப் பெறும் கடன் கொடுத்தவர், அந்த ஒரு காரணத்தால் மட்டும் கூட்டாளி ஆகிவிடுவதில்லை என்று 1890ஆம் ஆண்டுச் சட்டமும் 1932ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கின்றன. கொடுத்தபோது கடன் என்றே எழுதிக்கொண்டிருந்தால், அந்தப் பத்திரத்தைத் தேடி எடுத்துப் பத்திரமாக வையுங்கள். எதுவும் எழுதிக்கொள்ளவில்லை என்றால், தொழில் நன்றாக நடக்கும்போதே அவரிடம் பேசி, கடனாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று வக்கீலைக் கலந்துகொள்ளுங்கள். நொடித்த பிறகு செய்யப்படும் மாற்றத்தை எந்தக் கடன்காரரும் ஏற்க மாட்டார். நீதிமன்றமும் ஐயத்தோடுதான் பார்க்கும்.

கேள்வி: கூட்டாளியாக வர விரும்புபவர் என் மனைவியின் அண்ணன். அவரிடம் ஒப்பந்தப் பத்திரம் கேட்டால் வீட்டில் வருத்தம் வரும். கேட்காமல் இருக்கவும் பயமாக இருக்கிறது.

பதில்: இன்று வரும் வருத்தம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். உங்கள் மைத்துனரிடம் "உங்களை நம்பவில்லை" என்ற பொருள் வரும்படி பேசாமல், "எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் தங்கையும் குழந்தைகளும் உங்களிடம் கணக்குக் கேட்டு நிற்கும்படி ஆகக் கூடாது" என்று சொல்லுங்கள். அது சாக்குப்போக்கும் அல்ல. வேறாக ஒப்பந்தம் இல்லையென்றால் ஒரு கூட்டாளியின் மரணத்தோடு கூட்டாண்மையே கலைந்துவிடும் என்பது பொது விதி. அப்போது உங்கள் மனைவி, துக்கத்தின் நடுவில், தன் அண்ணனோடு பங்குத் தொகை பேச வேண்டிவரும். பேச்சைத் தொடங்குவதற்கு முன் இதை மனைவியிடம் முழுதாகச் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் அண்ணனிடம் போகாதீர்கள்.

கேள்வி: நான்கு ஆண்டுகளாக நண்பரோடு கூட்டாகத் தொழில் செய்கிறேன். கடந்த ஓராண்டாகக் கணக்குக் காட்டச் சொன்னால் இன்று, நாளை என்று தள்ளிப்போடுகிறார். எங்கள் வாடிக்கையாளர்கள் இருவர், பணத்தை அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னதாக என்னிடம் சொன்னார்கள். எங்களுக்கு வந்திருக்க வேண்டிய புதிய ஒப்பந்தம் ஒன்றை அவர் தம் பெயரில் எடுத்துக்கொண்டதாகவும் தெரிகிறது. வெறுத்துப்போய்விட்டது. நாளையிலிருந்து போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சரியா?

பதில்: உங்கள் மனவேதனை புரிகிறது, ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதைப் போல உங்களுக்குத் தீங்கு செய்யும் முடிவு வேறு இல்லை. நீங்கள் போகாமல் இருப்பதால் கூட்டாண்மை முடிந்துவிடாது. நீங்கள் விலகியதை வெளியார் அறியாத வரை, உங்களைக் கூட்டாளி என்று அறிந்து நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்பவருக்கு நீங்கள் இன்னும் பொறுப்பாளிதான். நீங்கள் வீட்டில் இருக்கும் அந்த மாதங்களில் அவர் வாங்கும் புதிய கடனும் உங்கள் தலையில் ஏறலாம். அதோடு, தொழிலைக் கைவிட்டு ஓடியவர் நீங்கள்தான் என்று கதையைத் திருப்பிச் சொல்லவும் அவருக்கு வசதியாகிவிடும்.

முதல் வேலை, காகிதங்களைக் கைப்பற்றுவது. பறிப்பது அல்ல, படி எடுப்பது. கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் படி எடுக்கவும் ஒவ்வொரு கூட்டாளிக்கும் உரிமை உண்டு, அவர் அனுமதி தர வேண்டியதில்லை. வங்கி அறிக்கைகள், விற்பனைப் பட்டியல்கள், சரக்குக் கொடுத்தவர்களின் நிலுவைக் கணக்கு, வரிக் கணக்குகள், வேலையாட்களின் சம்பளப் பதிவு ஆகியவற்றின் படிகளைத் தேதி வாரியாக வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைச் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னதாகக் கூறிய அந்த இரண்டு வாடிக்கையாளர்களிடம், அவர்கள் அனுப்பிய தொகைக்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். அசல் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்வதும், கடைக்கு வேறு பூட்டுப் போடுவதும், சரக்கை ஏற்றிச் செல்வதும் கூடாது. ஆத்திரத்தில் செய்யும் அந்த ஒரு காரியத்தால் குற்றம் சாட்டுபவர் அவராகவும் பதில் சொல்பவர் நீங்களாகவும் ஆகிவிடும்.

அடுத்து வங்கி. கூட்டாளிகளிடையே தகராறு இருக்கிறது, இனி இருவர் கையெழுத்தும் இல்லாமல் பணம் தர வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். அப்படி ஓர் அறிவிப்பு வந்த பிறகு ஒருவர் கையெழுத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வங்கிகள் பொதுவாகத் தயங்கும். இதனால் தொழில் சில நாட்கள் முடங்கும், வேலையாட்களின் சம்பளம் தாமதமாகலாம். அந்த வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க முடியாது.

பிறகு, இத்தனை நாட்களுக்குள் கணக்கை முன்வைக்க வேண்டும் என்று வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். திருடர், மோசடிக்காரர் என்ற சொற்கள் அதில் வேண்டாம். இன்ன தேதியில், இன்ன வாடிக்கையாளர், இவ்வளவு தொகை, எங்கே வரவு வைக்கப்பட்டது என்று மட்டும் கேட்டால் போதும்.

தம் பெயரில் எடுத்துக்கொண்ட ஒப்பந்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் உங்கள் உரிமை நீங்கள் நினைப்பதைவிட வலுவானது. நியூயார்க்கில் சால்மன் என்பவர் 1902இல் ஒரு விடுதிக் கட்டடத்தை 20 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தார். செலவில் பாதியைக் கொடுத்து மைன்ஹார்ட் என்பவர் அவரோடு சேர்ந்தார். நிர்வாகம் சால்மனிடம், பணத்தில் பங்கு மைன்ஹார்ட்டிடம். குத்தகை முடியும் தறுவாயில் இடத்தின் உரிமையாளர், பக்கத்து நிலங்களையும் சேர்த்து மிகப் பெரிய புதிய குத்தகை ஒன்றைப் பேச வந்தபோது, சால்மன் கூட்டாளியிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தம் நிறுவனத்தின் பெயரில் அதை எடுத்துக்கொண்டார். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 1928இல் தலைமை நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ எழுதிய தீர்ப்பு, சந்தையில் முன்பின் தெரியாதவர்களிடையே பொறுத்துக்கொள்ளப்படும் நடத்தை கூட்டாளிகளிடையே பொறுத்துக்கொள்ளப்படாது என்று கூறி, புதிய குத்தகையில் ஏறத்தாழ சரிபாதியை மைன்ஹார்ட்டுக்கு வழங்கியது. இந்தக் கொள்கை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. தொழிலின் தொடர்பைப் பயன்படுத்தி ஒரு கூட்டாளி தனியாக ஈட்டிய லாபத்தை நிறுவனத்துக்குக் கணக்குக் காட்டித் திருப்பித் தர வேண்டும் என்று நான் முன்பு சொன்ன இரண்டு சட்டங்களிலும் எழுதியிருக்கிறது. ஆகவே அந்த ஒப்பந்தம் எப்போது, யார் மூலம், எந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பேசப்பட்டது என்ற விவரங்களைச் சேகரியுங்கள்.

கடைசியாக விலகல். விலகும் நாளன்று ஒரு கணக்கெடுப்பு, அதில் இருவர் கையெழுத்து. சட்டம் சொல்லும் முறையில் பொது அறிவிப்பு. சரக்குக் கொடுத்தவர்கள், கடன் கொடுத்தவர்கள், வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம். பழைய கடன்களுக்கு நீங்கள் அப்போதும் பொறுப்பாளியே. அவற்றைத் தாம் ஏற்றுக்கொள்வதாகக் கூட்டாளி எழுதிக் கொடுத்தாலும், கடன் கொடுத்தவர் உங்களை விடுவிப்பதாக ஒப்புக்கொண்டால்தான் அது அவரைக் கட்டும். உங்கள் கூட்டாண்மை இந்தியாவில் இருந்து, பதிவு செய்யப்படாததாகவும் இருந்தால், ஒப்பந்த உரிமைகளைக் கேட்டுக் கூட்டாளிமீது வழக்குத் தொடுக்கத் தடை உண்டு. ஆனால் கூட்டாண்மையைக் கலைக்கவும், கலைந்த கூட்டாண்மையின் கணக்கைக் கேட்கவும் அந்தத் தடை இல்லை. ஆகவே பதிவு இல்லை என்று யாராவது பயமுறுத்தினால் மனம் தளர்ந்துவிடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் கம்பெனியாகவே பதிவு செய்திருக்கிறோம், ஆளுக்குப் பாதிப் பங்கு. இப்போது நண்பர் தம் மகனையும் சேர்க்க விரும்புகிறார். இருவரும் கொஞ்சம் பங்குகளை அவனுக்குத் தருவோம் என்கிறார். கம்பெனி என்பதால் சொந்தச் சொத்துக்கு ஆபத்தில்லை. வேறு என்ன கவலை?

பதில்: நீங்கள் கேட்கும் அதே நிலைமையில் இருந்த ஒருவரின் வழக்கு இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை போயிருக்கிறது. கம்பளம் விற்கும் தொழிலில் இப்ராஹிமி, நாசர் என்ற இருவர் சம கூட்டாளிகளாக இருந்தார்கள். 1958இல் அதைக் கம்பெனியாக்கி ஆளுக்கு 500 பங்குகள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு நாசரின் மகன் சேர்ந்தபோது இருவரும் தலா 100 பங்குகளை அவருக்குக் கொடுத்தார்கள். கொடுத்தபோது அது பெருந்தன்மையாகத் தோன்றியிருக்கும். கணக்கைப் பாருங்கள்: இப்ராஹிமியிடம் 400, தந்தை மகன் இருவரிடமும் சேர்த்து 600. 1969இல் மனவேறுபாடு வந்தபோது, அந்த 600ஐக் கொண்டு அவரை இயக்குநர் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். லாபம் முழுவதும் இயக்குநர்களின் சம்பளமாகவே கொடுக்கப்பட்டு வந்ததால், பங்குகள் கையில் இருந்தும் அவருக்கு ஒரு காசும் வராத நிலை. கூட்டாண்மை போல நம்பிக்கையின்மேல் எழுந்த கம்பெனியில் இப்படிச் செய்வது நியாயமன்று என்று கூறி, 1972இல் அந்த மன்றம் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது. அவர் வென்றார் என்பது உண்மை. ஆனால் அந்த வெற்றி, தாம் வளர்த்த தொழிலைக் கலைத்து எடுத்துக்கொண்ட வெற்றி. அதற்கும் மூன்று ஆண்டுகள் ஆயின.

ஆகவே மகன் வரட்டும், திறமையிருந்தால் சம்பளம் வாங்கட்டும். பங்கு கொடுப்பதானால் தந்தை தம் பங்கிலிருந்து கொடுக்கட்டும். உங்கள் பாதியில் ஒரு பங்கையும் குறைக்க ஒப்பாதீர்கள். இருவர் சமமாக இருந்து முட்டிக்கொண்டால் முடிவெடுக்க முடியாமல் போகுமே என்பார்கள். அதற்கு, இருவரும் ஏற்கும் மூன்றாமவர் ஒருவரின் மத்தியஸ்தத்தையும், ஒருவர் விலை சொல்ல மற்றவர் அந்த விலைக்கு வாங்கவோ விற்கவோ வேண்டும் என்ற ஏற்பாட்டையும் பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். உங்களிடம் பணம் குறைவாகவும் அவரிடம் அதிகமாகவும் இருந்தால் இரண்டாவது ஏற்பாடு உங்களுக்குப் பாதகமாக முடியலாம், மத்தியஸ்தத்தோடு நில்லுங்கள். இன்னொன்று, சிறியதாகத் தோன்றுவது: கம்பெனியின் இணைய முகவரி, வாடிக்கையாளர்கள் அழைக்கும் தொலைபேசி எண், கணக்கு மென்பொருளின் கடவுச்சொல் ஆகியவை யார் பெயரில் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். அவை தனி ஆள் ஒருவரின் பெயரில் இருந்தால், பங்குச் சான்றிதழில் என்ன எழுதியிருந்தாலும் தகராறு வரும் நாளில் தொழில் அவர் கையில் இருக்கும்.

கேள்வி: என் கூட்டாளி நல்லவர் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத்தான் சில மாதங்களாக ஐயம். முன்பு ஒருவரிடம் ஏமாந்ததால் இவரையும் அப்படிப் பார்க்கிறேனோ என்று குற்ற உணர்வும் இருக்கிறது. நான் அவருக்கு அநியாயம் செய்கிறேனா?

பதில்: உங்கள் கடிதத்தில் அவர் செய்ததாக ஒரு காரியத்தைக்கூட நீங்கள் குறிப்பிடவில்லை, கணக்கு வரவில்லை என்றோ, பணம் குறைகிறது என்றோ எழுதவில்லை. அதனால் உங்கள் அச்சம் பழைய காயத்திலிருந்தே வருகிறது என்று எண்ண இடம் இருக்கிறது. அதை அவரிடமிருந்து மறைத்துவைத்து, அவர் பின்னால் விசாரித்துக்கொண்டிருப்பதுதான் அநியாயம். முன்பு உங்களுக்கு நேர்ந்ததை அவரிடம் சொல்லிவிட்டு, மாதம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து கணக்கைப் பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கலாம் என்று கேளுங்கள். நேர்மையாக நடப்பவருக்கு இது சுமையாக இராது; நாளை வேறு யாராவது அவர்மேல் ஒன்றைச் சொன்னால், அவரைக் காப்பதும் இருவரும் கையெழுத்திட்ட அந்த மாதக் கணக்குகள்தான். முதல் மாதம் அவருடைய செலவுச் சீட்டுகளைக் கேட்பதற்கு முன், உங்களுடைய சீட்டுகளை எடுத்து அவர் முன் வையுங்கள்.